என் கிட்னிக்கு உப்பு ஆகாது

மாரண்டஹள்ளி தக்காளி மண்டியில் சென்றாயனைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். எடையில் கை வைக்க மாட்டான், குரலை உயர்த்த மாட்டான், அழுகலை அடியில் போட்டு நல்லதை மேலே பரப்புகிற வேலை அவனிடம் கிடையாது. அப்பேர்ப்பட்ட மனிதனுக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் பொறாமை பிடித்தது. பேய் பிடித்திருந்தாலாவது வேப்பிலை அடித்து ஓட்டியிருக்கலாம். இது கிட்னியில் பிடித்த பொறாமை. அதுவும் தன் கிட்னி இல்லை, பெண்டாட்டியின் கிட்னி. உள்ளதைச் சொல்லப்போனால் அதுகூட இல்லை, பெண்டாட்டியின் வயிற்றுக்குள் இருக்கிற இன்னொருத்தனின் கிட்னி!

கோகிலாவுக்கு இரண்டு கிட்னியும் சுருங்கிப் போய், டயாலிசிஸுக்காகத் தருமபுரிக்கு அலைந்துகொண்டிருந்த காலம். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அவரவர் கால் விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சென்றாயன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"யாரும் ரோசன பண்ண வேணாம். என்னுது ஒன்ன எடுத்து அவளுக்கு வெச்சிடட்டும்."

அடேயப்பா, அந்த ஒரு வார்த்தைக்கு ஊரில் கிடைத்த மரியாதை கொஞ்சமா நஞ்சமா! பெண்டாட்டிகள் புருஷனுக்குக் கொடுத்ததைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். புருஷன் பெண்டாட்டிக்குக் கொடுப்பதை யார் கண்டது? மண்டியில் கூப்பிட்டுக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்கள். கோகிலாவின் சொந்தக்காரப் பெண்கள் அவனை வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். கோகிலா அவனைப் பார்த்த பார்வையே வேறாக இருந்தது. கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை. சென்றாயன் அந்தப் பார்வையிலேயே கொஞ்ச நாள் வாழ்ந்தான் என்று சொல்லலாம்.

பிறகு பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனை நடந்தது. மாற்று சிறுநீரகம் வைக்கிறவர்களுக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொல்வதற்கென்றே அங்கே வெண்மதி என்று ஒரு பெண் இருந்தாள். ஓசூர்க்காரி. தமிழும் கன்னடமும் அவள் நாக்கில் ஒன்றாக ஓடும். அவள்தான் முடிவைச் சொன்னாள்.

"உங்க கிட்னி அவங்களுக்கு ஆகாதுங்கண்ணா. கிராஸ்மேட்ச் பாசிட்டிவ்னு வந்திருக்கு."

"என்னாம்மா சொல்ற? ரெண்டு பேருக்கும் ஒரே குரூப் ரத்தம்தானே?"

"குரூப் ஒன்னா இருந்தா மட்டும் பத்தாதுங்க. உங்க வெள்ளை அணுவையும் அவங்க ரத்தத்தையும் ஒன்னாச் சேத்துப் பாத்தோம். அவங்க ரத்தத்துல இருக்கற ஆன்டிபாடி உங்க அணுவ அடிச்சுக் கொன்னுடுச்சு."

சென்றாயன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். அவள் பாவம், ஊதிப்போன முகத்துடன் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"என்னையவா கொன்னுச்சு?"

"உங்க அணுவங்க. ஆன்டிபாடின்னா ஒடம்பு செஞ்சு வெச்சிருக்கற ஆயுதம் மாதிரி. ஒடம்புக்குத் தன்னுது எது, வெளியாளு எதுன்னு தெரியும். வெளியாளு வந்தா அடிக்கும்."

"இருவது வருசமா குடும்பம் பண்றேன். நான் வெளியாளா?"

வெண்மதி சிரிக்காமல் சொன்னாள். "ரெண்டு கொழந்த பெத்திருக்காங்க இல்லீங்களா? கொழந்தைல பாதி நீங்க. வயித்துல இருக்கும்போது கொழந்தையோட அணு கொஞ்சம் தாய் ரத்தத்துல கலக்கும். அதுல உங்க பாதிய இவங்க ஒடம்பு வெளியாளுன்னு அடையாளம் வெச்சு ஆன்டிபாடி செஞ்சுக்கிச்சு. எல்லாருக்கும் இப்டி ஆகறதில்ல, சில பேருக்கு ஆகும். ஞாபக அணுன்னே ரத்தத்துல இருக்குதுங்கண்ணா. ஒருக்கா பாத்துட்டா ரொம்ப வருசத்துக்கு மறக்காது. உங்க கிட்னிய வெச்சா அன்னிக்கே அழிச்சிடும்."

ஆக, பிள்ளைகளைக் கொடுத்ததுதான் அவன் செய்த குற்றம். மகள் கலைமதியும் மகன் பூவரசனும் பிறந்தபோது மண்டி முழுக்க மிட்டாய் கொடுத்தவன் அவன். அந்த இரண்டு பிள்ளைகளும்தான் இப்போது அப்பனுக்குக் குறுக்கே நின்று மறிக்கிறார்கள் என்றால் எந்த மனுஷனுக்குத்தான் தாங்கும்? ஊருக்குத் திரும்பும் வழியில் கோகிலா அவன் கையைத் தொட்டு, "வுடுங்க, நீங்க குடுக்கறேன்னு சொன்னதே எனக்குப் போதும்" என்றாள். அவனுக்குப் போதவில்லை.

ஊர் வாயை எதைக் கொண்டு மூடுவது? டீ வாங்கிக் கொடுத்த அதே கூட்டாளிகள் இப்போது கிண்டலில் இறங்கினார்கள். "என்னா சென்றாயா, ஒன் பொண்டாட்டி ரத்தமே ஒன்ன ஆவாதுன்னு சொல்லிடுச்சாமே! நாங்கூட எங்கூட்டுக்காரி வாய் மட்டும்தான் அப்டிச் சொல்லும்னு நெனச்சேன்." எல்லாரும் சிரித்தார்கள். சென்றாயனும் சிரித்தான்.

கோகிலா பெற்றவர்களுக்கு ஒரே பெண். அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை. பிள்ளைகள் சிறுசுகள். கதவுகள் எல்லாம் சாத்திக்கொண்ட நேரத்தில் நல்லம்பள்ளியிலிருந்து ஒரு பைக் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவன் சந்திரமோகன். பம்ப்செட் மெக்கானிக், வாய் நிறையப் பேச்சு, போகிற இடமெல்லாம் சிரிப்பு. கோகிலாவுக்கு அத்தை மகன்.

அத்தை மகன் என்றால் கேட்பவர்களுக்குப் புரியும். கட்டிக்க வேண்டிய முறை. இரண்டு குடும்பத்துக்கும் ஏதோ ஒரு வாய்ச்சண்டை வந்து, பெண்ணைச் சென்றாயனுக்குக் கொடுத்தார்கள். அப்போதும் முறையை முறித்ததாக இருக்கக் கூடாது என்று சந்திரமோகனைக் கூப்பிட்டு, வேட்டி துண்டு எடுத்து வைத்து, வெற்றிலை பாக்கோடு அவன் சம்மதத்தை வாங்கிக்கொண்டுதான் தாலி கட்ட விட்டார்கள். அவனும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். கல்யாணப் பந்தியில் பரிமாறினான். பிறகு பானுமதி என்ற நல்ல பெண்ணைக் கட்டி நன்றாகவே வாழ்கிறான். இத்தனை வருஷத்தில் சென்றாயன் அவனைப் பற்றி ஒரு நாளும் தப்பாக நினைத்ததில்லை. அதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

"நான் குடுக்கறேங்கண்ணா" என்றான் சந்திரமோகன். "பானுமதிகிட்டயும் கேட்டுட்டேன். அவ சரின்னுட்டா. என்து நல்ல கிட்னிங்க, ஒரு நாளும் மக்கர் பண்ணதில்ல."

உள்ளே படுத்திருந்த கோகிலா, "வேணாம் மாமா" என்று அழுதாள்.

இந்த 'மாமா' சென்றாயனின் காதில் அன்றைக்குத்தான் முதல்முறையாக உறைத்தது. அத்தை மகனை மாமா என்று கூப்பிடுவது ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் கட்டின புருஷனை அவள் ஒரு நாளாவது மாமா என்று கூப்பிட்டிருக்கிறாளா? 'ஏங்க', அவ்வளவுதான். மிஞ்சினால் 'கலை அப்பா'. மனசு ஒரு முறை கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் எதை விட்டுவைக்கும்?

சந்திரமோகனுடைய அணுவைக் கோகிலாவின் ரத்தம் ஒன்றுமே செய்யவில்லை. கிராஸ்மேட்ச் நெகட்டிவ். வெண்மதி போனில் அதைச் சொன்னபோது கோகிலாவின் அப்பா சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். சென்றாயனும் கும்பிட்டான். கும்பிட்ட கையை எடுக்கும் முன்பே, 'என்னை அடிச்ச ரத்தம் அவனை அடிக்கல' என்ற நினைப்பு வந்துவிட்டது. பெண்டாட்டி பிழைத்தாளே என்ற சந்தோஷமும் இந்த நினைப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நெஞ்சுக்குள் நின்றன.

கூடப் பிறந்தவர், பெற்றவர் என்று நெருங்கிய சொந்தமாக இல்லாத ஆள் கொடுப்பதென்றால் ஒரு கமிட்டி கூடி விசாரித்துத்தான் அனுமதி தருமாம். பெரிய மேசைக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர். இந்தப் பக்கம் சந்திரமோகன், பானுமதி, கோகிலா, சென்றாயன். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் சந்திரமோகனைக் கேட்டார்.

"யாராவது வற்புறுத்தினாங்களா? எதுக்காகக் கொடுக்கிறீங்க?"

"பாசந்தாங்க சார். வேற என்னா? எனக்கு மாமா பொண்ணு. நான் கட்டிக்க வேண்டிய மொற. குடும்பத்துல ஒரு பேச்சு, வேற எடத்துல குடுத்துட்டாங்க. அதுக்காக பாசம் எங்க சார் போயிடும்? சின்ன வயசுல என் தோள்மேல தூக்கிட்டுத் திரிஞ்ச பொண்ணு."

பானுமதி பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் என்று தலையாட்டினாள். அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து அவ்வளவு மனசு வந்ததோ! பெரியவர் அதையெல்லாம் எழுதிக்கொண்டு சென்றாயன் பக்கம் திரும்பினார்.

"இவர் பாசத்தாலதான் கொடுக்கிறார்னு உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்குச் சம்மதமா?"

இப்படியும் ஒரு கேள்வி உண்டா உலகத்தில்! என் பெண்டாட்டிமேல் இவனுக்குப் பாசம் இருக்கிறது, அதற்கு நான் சாட்சி என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அவள் செத்துப்போவாள்.

"தெரியுங்க. சம்மதங்க" என்றான் சென்றாயன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கோகிலாவின் கன்னத்தில் ரத்தம் ஏறியது. ஊதிப்போயிருந்த கால் வடிந்து கொலுசு கழன்று விழுகிற அளவுக்கு ஆனது. பிள்ளைகள் வெகுநாளைக்குப் பிறகு வீட்டில் சத்தம்போட்டுச் சிரித்தார்கள். ஊருக்குக் கிளம்பும் முன்னால் வெண்மதி எல்லாரையும் உட்கார வைத்து மாத்திரைகளைப் பற்றிச் சொன்னாள். இந்த மாத்திரைகள் ஆயுசுக்கும் உண்டு. ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது.

"தப்பினா என்னா ஆவும்?" என்று சென்றாயன் கேட்டான்.

"அவங்க ஒடம்புக்கு இது வெளியாளு கிட்னின்னு தெரிஞ்சிடும். வெள்ளை அணுவெல்லாம் கெளம்பி வந்து அடிச்சுத் தொரத்தும். அதுக்குத்தான் ரிஜெக்ஷன்னு பேரு. மாத்திர அந்த அணுவெல்லாத்தையும் அரத்தூக்கத்துல வெச்சிருக்குதுங்கண்ணா."

அந்த வார்த்தை சென்றாயனின் வயிற்றில் தேனாக இறங்கியது. மாத்திரை போட்டு மயக்கி வைத்திருப்பதால்தான் சந்திரமோகன் அவளுக்குள்ளே இருக்கிறான். இல்லையென்றால் அவனுக்கும் அடிதான். அன்றைக்குச் சென்றாயன் கார் ஓட்டிக்கொண்டு வரும்போது விசில் அடித்தான்.

அந்தச் சந்தோஷம் எத்தனை நாளைக்கு? காயம் ஆறிய சந்திரமோகன் ஞாயிற்றுக்கிழமை தோறும் பானுமதியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் கேட்கும்.

"என் கிட்னி எப்டிங்கண்ணா இருக்கு?"

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாயில் முகமூடி மாட்டிக்கொண்டுதான் உள்ளே வருவான். டாக்டர் சொன்னதில் ஒன்றைக்கூட அவன் மறக்கவில்லை. அதுதான் சென்றாயனுக்கு இன்னும் எரிச்சல். அடுப்பங்கரையில் எட்டிப் பார்த்து, "ஊறுகாய எடுங்க மொதல்ல. என் கிட்னிக்கு உப்பு ஆகாது" என்பான். "தண்ணி குடிச்சியா கோகிலா? என் கிட்னி நல்லாத் தண்ணி குடிக்கும், பழக்கிட்டேன்" என்பான். கோகிலா விழுந்து விழுந்து சிரிப்பாள். சென்றாயனால் சிரிக்க வைக்க முடியாத பெண்டாட்டியை அவன் சிரிக்க வைத்துவிட்டுப் போவான்.

கோகிலா குணமானால் தீர்த்தமலைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தீர்த்தத்தில் குளிக்க வைப்பதாகச் சென்றாயன் வேண்டிக்கொண்டிருந்தான். அதைச் சொன்னதும் சந்திரமோகன் பதறிவிட்டான். "அய்யய்யோ, கூட்டத்துலயும் ஊத்துத் தண்ணியிலயுமா? வேணாங்கண்ணா, கிருமி கிருமின்னு டாக்டரு சொன்னாரே. சாமி எங்க போயிடப் போவுது, இன்னொரு வருசம் போலாம்." நியாயமான பேச்சுதான். நியாயமாக இருப்பதுதான் கொடுமை. கட்டின பெண்டாட்டியைக் கோயிலுக்குக் கூட்டிப் போக அடுத்தவனிடம் அனுமதி வாங்க வேண்டியதாகிவிட்டதே!

பானுமதியும் சும்மா இருக்க மாட்டாள். "எங்க வூட்டுக்காரரு முழுசா எங்கிட்ட இல்லக்கா, கொஞ்சம் ஒங்க வூட்டுல இருக்காரு" என்று வேடிக்கையாகச் சொல்லுவாள். அவர்கள் மூன்று பேரும் சிரிப்பார்கள். சென்றாயன் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவான். அவன் வீட்டில் மாட்டை விற்று வருஷம் ஆகிறது.

அவர்கள் போன பிறகு அவனுக்குச் சோறு இறங்காது. பூவரசன் பென்சிலைக் கேட்டால் எரிந்து விழுவான். கோகிலா முதுகைக் காட்டிப் படுத்தால், இடது பக்கமா வலது பக்கமா, சந்திரமோகன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று மனசு தேடும். இதையெல்லாம் வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள் என்று அவனுக்கே தெரியும். உயிரைக் கொடுத்தவனைப் பார்த்து வயிறு எரிகிறவனை என்னவென்று சொல்வது? தெரிந்தும் எரிந்தது.

அந்த மார்கழியில் கோகிலாவுக்குச் சளி பிடித்தது. சாதாரணச் சளிதான், ஆனால் விடவே இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: எதிர்ப்பு சக்தி இல்லை, எதிர்ப்பு சக்தி இல்லை. கொரோனா வந்து போனதிலிருந்து பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை அந்த வார்த்தையைச் சொல்லாத ஆள் கிடையாது. மண்டிக்கு வத்தல்மலையிலிருந்து சாமையும் தேனும் கொண்டுவருகிற காளியப்பனிடம் சென்றாயன் பேச்சோடு பேச்சாகக் கேட்டான்.

"எதிர்ப்பு சக்திக்கு என்னா இருக்குது காளியப்பா?"

"சீந்தில் கொடிங்க. கொரோனா நேரத்துல எங்க மலையே அதக் குடிச்சுத்தான் நின்னுச்சு. கசாயம் வெச்சுக் குடிச்சா ஒடம்புல இருக்கற காவலெல்லாம் முழிச்சுக்கும். யாருக்குங்க?"

"வூட்டுக்குத்தான்."

காவலெல்லாம் முழித்துக்கொள்ளும். அதைக் கேட்டதும் வெண்மதி சொன்ன அரைத்தூக்கம் சென்றாயனுக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. வந்ததை அவன் ஓரமாகத் தள்ளி வைத்தான். சளிக்குத்தானே, கசாயம்தானே, மலையே குடிக்கிறதே என்று தனக்குத்தானே நாலு நியாயம் சொல்லிக்கொண்டான். தன் கையால் அவளுக்கு ஏதாவது ஒன்று கொடுக்க வேண்டும். அது அவள் உடம்புக்குள் போய் நல்லது செய்ய வேண்டும். அந்த ஆசை முன்னால் நிற்கும்போது மற்றது எதுவும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

இருபது வருஷத்தில் அடுப்பு பற்ற வைத்தறியாத மனிதன் கொடியை இடித்து, கொதிக்க வைத்து, வடிகட்டி, விரலைச் சுட்டுக்கொண்டு டம்ளரில் ஊற்றி எடுத்து வந்தான். கோகிலா டம்ளரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"என்னாங்க இது?"

"சளிக்கு. குடி. ஒடம்புக்கு நல்லது."

அவள் கொஞ்ச நேரம் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "அய்யோ, என்னா கசப்பு!" சென்றாயன் சர்க்கரை எடுக்க ஓடினான். அன்றைக்கு அவன் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

தினமும் நடந்தது அது. காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் அவன் காய்ச்சுவான், அவள் குடிப்பாள். சளி விட்டது. "பாத்தியா?" என்றான். "ஆமாங்க, லேசா இருக்குது" என்றாள் அவள். ஞாயிற்றுக்கிழமை சந்திரமோகனின் பைக் சத்தம் கேட்டதும் கோகிலாவே எழுந்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "மாமாகிட்ட சொல்ல வேணாம். சத்தம் போடுவாரு" என்றாள். ஆகா! சென்றாயனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சந்திரமோகனுக்குத் தெரியாத ரகசியம் ஒன்று புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் இருக்கிறது. அன்றைக்குச் சந்திரமோகன் உப்பைப் பற்றிப் பேசினபோது சென்றாயனும் சேர்ந்து சிரித்தான்.

பிறகு ஒரு நாள் அவள் கால் ஊதியது. சிறுநீர் குறைந்தது. ரத்தப் பரிசோதனையில், கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் எகிறியிருக்கிறது என்று வந்ததும் அன்றைக்கே காரில் பெங்களூருக்குக் கிளம்பினார்கள். விஷயம் தெரிந்து சந்திரமோகன் வேலையைப் போட்டுவிட்டு ஓசூரில் வந்து ஏறிக்கொண்டான். வழி முழுக்க அவன் ஒரு பேச்சும் பேசவில்லை. அவன் பேசாமல் வந்தது அதுதான் முதல் தடவை.

டாக்டர் கோகிலாவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "ரிஜெக்ஷன் மாதிரி தெரியுது. மாத்திரை தப்பினீங்களா?"

"ஒரு வேளகூட இல்லீங்க" என்றாள் கோகிலா.

"வெளி மருந்து? நாட்டு மருந்து, கசாயம், ஏதாவது?"

கோகிலா அவனைப் பார்க்கவில்லை. டாக்டரை நேராகப் பார்த்து, "ஒன்னும் இல்லீங்க" என்றாள்.

சொன்னால் வெட்கக்கேடு. அந்த நேரத்தில் சென்றாயனுக்கு வந்தது பயம் இல்லை, சந்தோஷம்! அவன் நிற்கிறான் பார், உயிரைக் கொடுத்தவன், அவனுக்கு எதிரிலேயே என் பெண்டாட்டி எனக்காகப் பொய் சொல்கிறாள். அவள் என் பக்கம். இதைத்தானே இத்தனை மாதமாக நான் தேடினேன்? ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவன் ஜெயித்தவனாக நின்றான்.

"காரணம் தெரியாம வைத்தியம் பண்றது கஷ்டம்" என்றார் டாக்டர். "கிட்னியில ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கணும். கிருமியாலயும் இருக்கலாம், அப்படியிருந்தா ரிஜெக்ஷன் மருந்து ஆளையே சாய்ச்சிடும். லேட்டாச்சுன்னா இந்தக் கிட்னி போயிடும்."

சந்திரமோகன் சட்டைக்கு மேலேயே தன் தழும்பு இருக்கிற இடத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோடு உட்கார்ந்துவிட்டான். கோகிலா கண்ணை மூடினாள். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு அவள் சாகவும் தயார் என்று சென்றாயனுக்குப் பட்டது. கிடைத்த ஜெயம் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"நான் குடுத்தேங்க" என்றான். "சீந்தில் கசாயம். தெனமும். எதிர்ப்பு சக்திக்குன்னு நாந்தான் காச்சிக் குடுத்தேன்."

டாக்டருக்குக் கன்னடத்தில்தான் கோபம் வந்தது. பிறகு தமிழுக்கு வந்தார். "எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிறதுக்கு நாங்க இங்க உசிரைக் குடுத்து வேலை பார்க்கிறோம். நீங்க வீட்டுல உட்கார்ந்து அதைத் தட்டி எழுப்பியிருக்கீங்க. உங்களை என்ன செய்யறது?" சொல்லிக்கொண்டே ஊசி மருந்துகளுக்கு உத்தரவு போட்டார். சோதனையும் அன்றைக்கே நடந்தது. ரிஜெக்ஷன்தான்.

வெளியே வந்ததும் சந்திரமோகன் திட்டுவான், அடித்தாலும் அடிப்பான் என்று சென்றாயன் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சந்திரமோகன் ஒரு காபியை வாங்கி வந்து அவன் கையில் வைத்தான். "காலைலருந்து ஒன்னும் சாப்புடலீங்கண்ணா நீங்க. நம்ம பக்கம் யாருக்குத்தான் இதெல்லாம் தெரியுது, வுடுங்க" என்றான். மன்னிக்கிறதிலும் இவனே முந்திக்கொண்டானே என்று அப்போதும் ஒரு முள் குத்தியது. சென்றாயனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஊசி மருந்து வேலை செய்தது. கிரியேட்டினின் இறங்க ஆரம்பித்தது. கொஞ்சம் சேதாரம் இருக்கிறது, ஆனால் கிட்னி தப்பிவிட்டது என்று டாக்டர் சொன்னார். சந்திரமோகன் அதைக் கேட்டுக்கொண்டுதான் ஊருக்குப் பஸ் ஏறினான். வார்டில் கோகிலாவும் சென்றாயனும் தனியாக இருந்தார்கள். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நெஞ்சில் அடைத்துக்கிடந்ததைக் கொட்டினான்.

"தப்பு பண்ணிட்டேன் கோகிலா. அது இப்டி ஆவும்னு தெரியல. ஒனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. ஏதோ சாமி புண்ணியம்."

"எனக்குத் தெரியும்" என்றாள் கோகிலா.

அவனுக்குச் சட்டென்று புரியவில்லை.

"அன்னிக்கு ஊருக்குக் கெளம்பறப்ப நீங்க காரு எடுக்கப் போனீங்க. வெண்மதி எங்கிட்டச் சொல்லுச்சு, சீந்தில், கபசுரம், எதிர்ப்பு சக்தி டானிக்கு எதையும் வாயில வெக்கக் கூடாதுன்னு. பேரு சொல்லியே சொல்லுச்சு."

"தெரிஞ்சுமா குடிச்ச? ஏன்? வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கீழ ஊத்தியிருப்பேனே!"

"ஊத்தியிருப்பீங்க. அப்புறம்?" அவள் குரல் உயரவில்லை, ஆனால் அதில் இருந்த கோபத்தை அவன் இருபது வருஷத்தில் கேட்டதில்லை. "மோகன் மாமா வந்துட்டுப் போனா நீங்க சோறு திங்கறதில்ல. புள்ளைங்க ஒங்களக் கண்டா ஒளியுதுங்க. நான் சிரிச்சா ஒங்க மூஞ்சி செத்துப்போவுது. அத தெனம் பாத்துக்கிட்டு யாரால இருக்க முடியும்? அந்தக் கசப்பக் குடிச்சா அன்னிக்கு ஒரு நாளு நீங்க மனுசனா இருந்தீங்க. அதுக்குத்தான் குடிச்சேன். செத்தாலும் சாவட்டும்னு குடிச்சேன்."

"கோகிலா..."

"அவரு ஒருக்கா குடுத்தாரு. குடுத்ததுக்கு எங்கிட்ட ஒன்னும் கேக்கல. நீங்க ஒன்னும் குடுக்கல. ஆனா தெனம் கேக்கறீங்க. எத்தினி நாளைக்குங்க நான் குடுப்பேன்?"

நர்ஸ் வந்து மாத்திரை நேரம் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் எழுந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினான். கோகிலா அதை வாங்கவில்லை. மேசையில் இருந்த பாட்டிலைத் தானே எட்டி எடுத்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவன் டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.